அழிரப்பரில் தமிழ் எழுத்து: வீட்டிலேயே ஸ்டாம்பு செதுக்கும் முறை

ரப்பர் ஸ்டாம்பு வேண்டுமென்றால் சென்னையில் பாரிமுனைப் பக்கம் போனால் காரியம் முடிந்துவிடும். ஐகோர்ட்டும் துறைமுகமும் வங்கிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடம். சீல் இல்லாமல் அங்கே ஒரு காகிதமும் நகராது. சீல் செய்பவர்களுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருக்க வீட்டில் உட்கார்ந்து ரப்பரைச் சுரண்டுவானேன்? முகவரி, போன் நம்பர், ஜிஎஸ்டி எண் என்று மூன்று நான்கு வரி வேண்டுமென்றால் சுரண்ட வேண்டாம், கடைக்கே போங்கள். எழுத்தின் உயரம் 7 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் கத்தி தோற்றுவிடும். ஆனால் ஒற்றைச் சொல், பெயரின் முதல் எழுத்து, புள்ளிக் கோலத்தில் ஒரு கட்டம், மீன், மாங்காய், மல்லிகை மொட்டு என்று 2 முதல் 6 செ.மீ.க்குள் அடங்கும் எதுவும் வீட்டு வேலைக்குத் தோதானது. கத்தி போன தடம் அச்சில் தெரியும். அந்தத் தடம் பிடித்தவர்களுக்கான வேலை இது.

கடையில் நடப்பது வேறு வேலை. பழைய முறையில் ஈய எழுத்துகளைக் கோத்து, அதிலிருந்து ஒரு பள்ள அச்சு எடுத்து, அதில் வேகாத ரப்பரை வைத்து ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். கந்தகம் கலந்த ரப்பர் சூட்டில் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டதுதான் அதற்கு அடிப்படை. இப்போது புற ஊதா விளக்கில் இறுகும் பாலிமரும் லேசரும் வந்துவிட்டன. இதில் எதையும் சமையலறையில் செய்துபார்க்கக் கூடாது. முக்கியமாக, அழிரப்பரைத் தோசைக்கல்லில் உருக்கி அச்சில் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய அழிரப்பரில் பெரும்பகுதி பிவிசி. சூடு தாங்காமல் கருகும்போது தொண்டையை அரிக்கும் அமிலப் புகை வரும். நாம் சூடே இல்லாமல், ஏற்கெனவே பதமாகி வந்த ரப்பரைச் செதுக்கப் போகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அரசு முத்திரை, அதிகாரி சீல், வங்கி சீல், நோட்டரி சீல் இவற்றைப் பார்த்து விளையாட்டுக்கும் செதுக்காதீர்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு போலி முத்திரை செய்வது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் குற்றம்.

ரப்பரைத் தேர்ந்தெடுப்பது

பெட்டிக்கடையில் கிடைக்கும் வெள்ளை நான்-டஸ்ட் அழிரப்பர் போதும். பெரிய அளவாகப் பார்த்து வாங்குங்கள். நீளம் 5 செ.மீ.க்கும் அகலம் 2 செ.மீ.க்கும் குறையக் கூடாது. கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ரப்பரை லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்து திரும்ப வேண்டும். பிறகு ஓரத்தில் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்து மெல்ல மறைந்தால் நல்ல சரக்கு. பொடியாக உதிர்ந்தால் அது செதுக்க உதவாது. மை அழிக்கும் சொரசொரப்பான நீல ரப்பர், பழத்துண்டு மாதிரி உருவம் செய்த வாசனை ரப்பர், பென்சில் முனையில் இருக்கும் ரப்பர் எல்லாம் இந்த வேலைக்குத் தள்ளுபடி. கடையில் நெடுநாள் கிடந்து மஞ்சளடித்த ரப்பரும் அப்படித்தான். கத்தி பட்டதும் பிளக்கும்.

இதற்கென்றே செய்த செதுக்குப் பலகைகளும் உண்டு. பிங்க் நிறத்தில் வரும் ஸ்பீட்பால் நிறுவனத்தின் ஸ்பீடி-கார்வ் அவற்றில் பேர் பெற்றது. வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். ஆனால் முதல் ஐந்தாறு ஸ்டாம்பும் எப்படியும் வீணாகப் போகிறவை. அவற்றுக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் ரப்பரே சரி.

ரப்பரின் மேற்பரப்பைப் பாருங்கள். நடுவில் கம்பெனி பெயர் பொறித்திருக்கும், ஓரங்கள் சற்றே உருண்டிருக்கும். எழுத்தில்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, 400 எண் உப்புத்தாளைக் கண்ணாடி அல்லது டைல்ஸ் மேல் விரித்து, ரப்பரை அதன்மேல் வட்டமாகத் தேயுங்கள். பத்துப் பதினைந்து சுற்று போதும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவித் துடையுங்கள். புது ரப்பரின் மேல் எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு படலம் இருக்கும். ரப்பரை மெத்தென்று வைக்கச் சேர்க்கும் பொருள் வெளியே கசிவதால் வருவது அது. அது இருந்தால் மை ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். முதல் அச்சு திட்டுத் திட்டாக வருவதற்குப் பாதிக் காரணம் இந்தப் படலம்தான்.

கருவிகள்

ஒரு சின்ன கட்டர், 9 மி.மீ. அகலப் பிளேடு, முனை கூர்மையாக 30 டிகிரியில் சாய்ந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு லினோ கட்டர் செட் (லினோலியம் தகட்டில் அச்சுப்படம் செதுக்கும் சின்ன உளிகள்). அதில் வி வடிவ மெல்லிய முனையும் யு வடிவ அகல முனையும்தான் வேலை செய்யும், மற்றவை பெட்டியிலேயே கிடக்கும். ட்ரேசிங் பேப்பர், 2பி பென்சில், ஸ்கேல், பழைய டூத் பிரஷ், ஸ்டாம்பு பேடு. பேப்பர், அட்டை, உறை வகையறாவுக்கு ஆண்டர்சன் தெரு இருக்கிறது. ஐகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

லினோ கட்டர் கிடைக்காவிட்டால் உடைந்த குடையைத் தூக்கிப் போடாதீர்கள். குடைக்கம்பியின் குறுக்குவெட்டு யு வடிவத்தில் இருக்கும். 8 செ.மீ. துண்டு வெட்டி, நுனியை அரத்தால் சாய்வாகத் தேய்த்து, உப்புத்தாளில் கூராக்கி, மறுமுனையைத் தீர்ந்துபோன பேனாவின் கூட்டுக்குள் செருகி எம்-சீல் வைத்து இறுக்கினால் 2 மி.மீ. யு உளி தயார். லினோ செதுக்கும் ஓவியர்களே ஒரு காலத்தில் குடைக்கம்பியில்தான் உளி செய்துகொண்டார்கள். கடை உளிக்கு இது தாழ்ந்ததல்ல; அடிக்கடி தீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய ரேடியோ ஏரியல் கிடந்தால் அதன் மெல்லிய குழாய்த் துண்டு ஒன்றையும் எடுத்து வையுங்கள். எதற்கென்று பின்னால் வருகிறது.

எழுத்தை வரைவதில்தான் முக்கால் வேலை

ஸ்டாம்பு கெடுவது பெரும்பாலும் கத்தியால் அல்ல, வரைவால். ஆங்கில எழுத்துக்கென்று எழுதிய குறிப்புகளை அப்படியே தமிழுக்குப் போட்டால் அங்கேதான் இடிக்கும். தமிழ் எழுத்தில் சுழி உண்டு, புள்ளி உண்டு, கோட்டுக்குக் கீழே இறங்கும் வால் உண்டு, மேலே ஏறும் விசிறி ('கி', 'கீ' இவற்றின் மேல்வளைவு) உண்டு. ஒவ்வொன்றும் ரப்பரில் ஒவ்வொரு தொல்லை.

புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து மேடாகவும் சுற்றுப்புறம் பள்ளமாகவும் செதுக்கினால், புள்ளி எதோடும் ஒட்டாமல் தனித் தீவாக நிற்கும். நான்கு முறை அழுத்தினால் சாயும், பத்து முறையில் பிய்ந்து போகும். அதோடு 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். சுழியில் தொல்லை வேறு விதம். ண, ஞ, ஊ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் இடைவெளி 1 மி.மீ.க்குக் குறைந்தால் மை அங்கே தேங்கிக் கரும்பொட்டாக விழும். நெடில் விசிறியின் குட்டிச் சுழி இப்படி அடைத்துக்கொண்டால் 'வீடு' என்று செதுக்கியது 'விடு' என்று அச்சாகும். புதுமனைப் புகுவிழா அழைப்பிதழில் அது நன்றாக இருக்காது.

அதனால் அளவுகளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 10 மி.மீ. உயர எழுத்துக்குக் கோட்டின் தடிமன் 1.5 மி.மீ., சுழியின் உள்வெளி குறைந்தது 1.5 மி.மீ., புள்ளியின் விட்டம் 2 மி.மீ., எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே 2.5 மி.மீ. அச்சு எழுத்தைப் பார்த்து அப்படியே வரையாமல், போர்டு எழுதுபவர்கள் வரைவதுபோல் ஒரே தடிமனில் உருண்டையாக வரைந்தால் செதுக்க எளிது. மெல்லியதும் தடித்ததுமாக மாறி வரும் அலங்கார எழுத்து மூன்றாவது நான்காவது ஸ்டாம்புக்கு இருக்கட்டும்.

முதல் ஸ்டாம்பை எப்படித் தொடங்குவது? எழுத்தையே பள்ளமாகச் செதுக்குங்கள். ரப்பர் முழுதும் மை பிடிக்கும், எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும். புள்ளி இப்போது தீவு அல்ல, வெறும் குழி, உடைய எதுவுமில்லை. யு உளியால் எழுதுவதுபோல் ஒரு இழுப்பு இழுத்தால் கோடு வந்துவிடும். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: இந்த முறையில் சுழியின் உள்வெளிதான் தீவாகும். சுழியைச் சற்றுப் பெரிதாக வரைந்துகொண்டால் அதுவும் நிற்கும். கை பழகியபின் மேட்டெழுத்துக்கு வரலாம். எடுத்த எடுப்பிலேயே மேட்டெழுத்து செதுக்கி, புள்ளி பிய்ந்து, அத்தோடு விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

கண்ணாடி எழுத்து

அச்சில் நேராக வர, ரப்பரில் இடவலம் மாறி இருக்க வேண்டும். இதை மனத்தில் திருப்பிப் போட்டு வரையாதீர்கள். தமிழில் கண்டிப்பாகத் தப்பும். 'கே' என்பதன் கொம்பு ரப்பரில் வலப்பக்கம் வர வேண்டும், 'கா'வின் கால் இடப்பக்கம் வர வேண்டும், 'கொ' இரண்டும் மாறி நிற்க வேண்டும். (ப மட்டும் இடவலம் திருப்பினாலும் ப. 'பப்ப' என்று ஸ்டாம்பு வேண்டுவோருக்கு இந்தப் பகுதி தேவையில்லை.)

ட்ரேசிங் பேப்பர் இந்த வேலையைத் தானே செய்துவிடும். எழுத்தை 2பி பென்சிலால் ட்ரேசிங் பேப்பரில் நேராகவே, படிக்கும்படியே வரையுங்கள். கோடுகளைப் பென்சிலால் அழுத்தமாக நிரப்புங்கள். பென்சில் பட்ட பக்கம் ரப்பரைத் தொடும்படி கவிழ்த்து வைத்து, நகராமல் இரண்டு ஓரத்திலும் செலோடேப் ஒட்டி, பின்பக்கம் ஸ்பூனின் முதுகால் தேயுங்கள். தூக்கிப் பார்த்தால் எழுத்து ரப்பரில் திரும்பி விழுந்திருக்கும். அவ்வளவுதான். பின்பக்கம் மறுபடி வரைந்து 'இன்னும் தெளிவாக' மாற்றப் பார்த்தால் இரண்டு முறை திரும்பி நேர் எழுத்தாகிவிடும். புதியவர்கள் செய்யும் தப்புகளில் முதலிடம் இதற்குத்தான். செதுக்கும் முன் ரப்பரைக் கண்ணாடிக்கு முன் பிடித்துப் படியுங்கள். கண்ணாடியில் சரியாகப் படிக்க முடிந்தால் ரப்பரில் இருப்பது சரி.

கம்ப்யூட்டரில் எடுத்த படம் என்றால் ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரின்ட் எடுத்து, அச்சிட்ட பக்கத்தை ரப்பரில் கவிழ்த்து, பஞ்சில் அசிடோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டுப் பின்பக்கம் ஒற்றினால் டோனர் ரப்பருக்கு இறங்கும். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. அதிகமானால் ரப்பர் மேல் பிசுபிசுத்துப் படம் கலங்கும். பத்து நொடியில் தாளை எடுத்துவிடுங்கள். இங்க்ஜெட் பிரின்ட் இதற்கு ஆகாது, டோனர்தான் வேண்டும். அசிடோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

பென்சில் கோடு கை பட்டு அழியும். செதுக்கத் தொடங்கும் முன் மெல்லிய ஜெல் பேனாவால் கோட்டின்மேல் ஒருமுறை ஓட்டிக் காயவிட்டுவிடுங்கள்.

செதுக்குவது: 'நன்றி'

எடுத்துக்காட்டுக்கு 'நன்றி' என்ற சொல்லை மேட்டெழுத்தாகச் செதுக்குவோம். சின்னச் சொல், ஆனால் வால், சுழி, புள்ளி, விசிறி எல்லாம் இருக்கிறது.

5 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலமுள்ள ரப்பரில் அகலத்தை இப்படிப் பிரியுங்கள்: மேலே 3 மி.மீ. புள்ளிக்கும் விசிறிக்கும், நடுவில் 10 மி.மீ. எழுத்துக்கு, கீழே 4 மி.மீ. ந, ற இரண்டின் வாலுக்கு. மீதி 3 மி.மீ. மேலும் கீழும் விளிம்பு. வாலுக்கு இடம் விடாமல் தொடங்கினால் கடைசியில் வால் ரப்பரை விட்டு வெளியே தொங்கும். நீளவாக்கில் ந-வுக்கு 9, ன்-க்கு 13, றி-க்கு 13, இடைவெளி இரண்டுக்கும் 5. ஆக 40 மி.மீ. இரு பக்கமும் 5 மி.மீ. மிஞ்சும்.

ரப்பரைக் கையில் பிடித்துச் செதுக்க வேண்டாம். உள்ளங்கையளவு அட்டை அல்லது பிளைவுட் துண்டில் டபுள் சைடு டேப் போட்டு ரப்பரை ஒட்டுங்கள். இடது கை அட்டையைப் பிடிக்கட்டும், கத்தி போகும் வழியில் விரல் இருக்காது. வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் அட்டையைத் திருப்புங்கள். கத்தி ஒரே சாய்வில் நிற்க, ரப்பர் அதன் கீழே சுற்ற வேண்டும். வழவழப்பான வளைவுக்கு இதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது.

கத்தியின் சாய்வுதான் உயிர். பிடி எழுத்தின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முனை எழுத்தை விட்டு விலகி இறங்க வேண்டும். அப்போது எழுத்தின் சுவர் மேலே குறுகி அடியில் அகன்று, ஏரிக்கரை மாதிரி நிற்கும். மாற்றிச் சாய்த்தால் எழுத்தின் அடிப்பகுதி குடையப்பட்டுப் போகும். பார்க்க வித்தியாசமே தெரியாது. அழுத்தும்போது கோடு மடங்கி, அச்சு தடித்தும் இரட்டையாகவும் விழும். ஒருமுறை அடியைக் குடைந்துவிட்டால் திருத்த வழியில்லை.

முதலில் ன-வின் சுழிக்குள் இருக்கும் வெளி. சுற்றிலும் முழு ரப்பர் தாங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும். சுழியின் வெளிப்புறத்தை முதலில் வெட்டிவிட்டால் சுழி ஆடும், கத்தி வழுக்கும். கத்தி முனையால் மூன்று நான்கு சின்ன வெட்டு, நடுவை நோக்கிச் சாய்வாக. கூம்பு மாதிரி ஒரு துணுக்கு வெளியே வரும்.

அடுத்து புள்ளி. இங்கேதான் ரேடியோ ஏரியல். 2 மி.மீ. உள்விட்டமுள்ள துண்டின் வாயை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கி, புள்ளியின்மேல் நேராக வைத்து 1 மி.மீ. ஆழம் அழுத்தி, ஒரு சுற்றுத் திருகி எடுங்கள். கத்தியால் வராத உருண்டை வட்டம் கிடைக்கும். பிறகு அந்த வெட்டை நோக்கி வெளியிலிருந்து கத்தியைச் சாய்த்துச் சுற்றிலும் வழித்தால், புள்ளி ஒரு மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். ஏரியல் இல்லையென்றால் வட்டமாக வெட்ட முயலாதீர்கள். எட்டுப் பக்கம் உள்ள புள்ளியாக எட்டு நேர் வெட்டுப் போடுங்கள். அச்சில் அது வட்டமாகத்தான் தெரியும். புள்ளியைச் சுற்றி ஆழமாகத் தோண்ட வேண்டாம், 1 மி.மீ. போதும். ஆழம் கூடினால் புள்ளி ஆடும்.

மூன்றாவதாக எழுத்துகளுக்குள் உள்ள சந்துகள்: ற-வின் கால்களுக்கு நடுவே, ந-வின் மடிப்பில், றி-யின் விசிறிக்குக் கீழே. கோட்டோடு ஒரு வெட்டு, 1.5 மி.மீ. ஆழத்தில், எதிர்ப்புறமிருந்து அதைச் சந்திக்க இன்னொரு வெட்டு. இரண்டும் அடியில் சரியாகச் சந்தித்தால் ரப்பர் இடியாப்ப இழை மாதிரி தானே எழுந்து வரும். இழுத்தால்தான் வருகிறது என்றால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுக்காதீர்கள், கோட்டையும் சேர்த்துப் பிய்த்துவிடும். கத்தியை மறுபடி அதே தடத்தில் ஓட்டுங்கள். இழைக்குப் பதில் பொடி வருகிறதா? பிளேடு மழுங்கிவிட்டது, நுனியை ஒடியுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு நுனி என்பது கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய கணக்கில்லை.

நான்காவதாக எழுத்தின் வெளிக்கோடு. மூன்று எழுத்தையும் சுற்றி வந்தபிறகு, மீந்திருக்கும் வெற்றிடத்தை யு உளியால் 2 முதல் 3 மி.மீ. ஆழம் வரை வாரி எடுங்கள். அகலமான வெற்றிடத்தின் நடுவில் ஆழம் கூடுதலாக வேண்டும். ரப்பர் அங்கே தொய்ந்து தாளைத் தொட்டு மை வைக்கும். உளியை எப்போதும் எழுத்தை விட்டு வெளியே போகும் திசையில் தள்ளுங்கள். வழுக்கினால் விளிம்புக்குப் போகட்டும், எழுத்தின்மேல் ஏறக் கூடாது. கடைசியாக, எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் விட்டு ரப்பரின் நான்கு ஓரங்களையும் செங்குத்தாக வெட்டி நீக்குங்கள்.

சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறைக்குள் உட்கார்ந்தால் ரப்பர் மெழுகாகக் குழையும், கத்தியோடு சேர்ந்து நகரும். பத்து நிமிடம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்தால் கெட்டிப்படும். ஃப்ரீசரில் வேண்டாம்; அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் கத்தி பட்ட இடம் சில்லுச் சில்லாகப் பெயரும். விளக்கு இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக அடிக்கட்டும். தலைக்குமேல் ட்யூப்லைட் மட்டும் இருந்தால் வெள்ளை ரப்பரில் வெட்டிய இடம் எது, வெட்டாத இடம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

சோதனை அச்சு

டூத் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, பேடில் மெதுவாக நான்கைந்து தடவை ஒற்றுங்கள். அழுத்தித் தேய்த்தால் பள்ளத்திலும் மை ஏறும். தாளுக்கு அடியில் நாலைந்து மடிப்பு நியூஸ் பேப்பர் போடுங்கள். மேஜையின் மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். ஸ்டாம்பை நேராக இறக்கி, ஆட்டாமல் ஒரே சீராக அழுத்தி, நேராகத் தூக்குங்கள். அரசு ஆபீஸில் பார்த்த பழக்கத்தில் ஓங்கிக் குத்தக் கூடாது.

முதல் அச்சைப் பார்த்து மனம் தளர வேண்டாம். முதல் இரண்டு மூன்று எப்போதும் வெளிறித்தான் விழும். நான்காவதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெற்றிடத்தில் கோடுகோடாக மை விழுந்தால் அங்கே இன்னும் தோண்ட வேண்டும். அந்தக் கீறல்களை வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைப்பவர்களும் உண்டு. கைவேலை என்பது அதில்தான் தெரியும் என்பார்கள். அது ரசனை. ஆனால் புள்ளிக்குப் பக்கத்தில் விழும் கீறலை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எது புள்ளி என்று தெரியாது. சொல்லின் நடுப்பகுதி மட்டும் விழவில்லை என்றால் ரப்பர் நடுவில் குழிந்திருக்கிறது. உப்புத்தாளில் மறுபடி நான்கு சுற்றுத் தேயுங்கள். கோடு தடித்து, ஓரம் பிசிறாக வந்தால் பேடில் மை அதிகம். வேஸ்ட் தாளில் ஒருமுறை குத்திவிட்டுப் பிறகு நல்ல தாளில் குத்துங்கள்.

தவறி வெட்டுப்பட்ட கோட்டை ஒட்டவைக்கும் யோசனை பலிக்காது. பசை காய்ந்த இடம் கல்லாகி, அச்சில் வெள்ளைத் தழும்பாக விழும். ஒரு எழுத்து முழுதும் போய்விட்டால் அந்த எழுத்தை மட்டும் கட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, வேறு ரப்பரில் செதுக்கிய எழுத்தை அந்தக் கட்டத்தில் பொருத்தலாம். புள்ளி பிய்ந்துபோனால் பதறத் தேவையில்லை. அச்சிட்டபின் அதே நிறப் பேனாவால் வைத்துவிட்டுப் போங்கள்.

பிடி

தடித்த ரப்பரை அப்படியே பிடித்து அச்சிடலாம். நூறு உறைக்குக் குத்த வேண்டுமென்றால் பிடி தேவை. தச்சுப் பட்டறையில் கீழே கிடக்கும் கட்டைத் துண்டு போதும். ரப்பரின் அளவுக்கு அறுத்து ஓரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை பாட்டில் மூடி, நூல்கண்டுக் கட்டை எதுவும் ஆகும். ஒட்டுவதற்கு டபுள் சைடு ஃபோம் டேப் நல்லது. அந்த மெத்து, அழுத்தத்தைச் சமமாகப் பரப்பும். எந்தப் பசை போட்டாலும் ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய் சில மாதத்தில் அதை இளக்கிவிடும், டேப்பையும் அப்படியே. அதனால் மாற்றிக்கொள்ள எளிதானதைப் போடுவதே புத்திசாலித்தனம். கட்டையின் மேல் எந்தப் பக்கம் தலை என்று ஒரு குறி போட்டுவையுங்கள்.

எதில் குத்துவது, என்ன மை

பேடில் வரும் சாதாரணக் கத்தரிப்பூ நிற மை தாளில் உறிஞ்சப்பட்டுத்தான் காயும். நோட்டுத்தாள், காக்கி உறை, ஐவரி அட்டை, கையால் செய்த தாள் எல்லாவற்றிலும் நன்றாக நிற்கும். பளபளப்பான ஆர்ட் கார்டிலும் பிளாஸ்டிக் கவரிலும் அது காயவே காயாது. மறுநாள் தொட்டாலும் கையில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஈரம் தாளிலேயே ஏறியிருக்கும். அச்சிட்டதை உடனே அடுக்காமல் கொஞ்ச நேரம் ஃபேன் காற்றில் பரப்பி வையுங்கள்.

வீட்டில் முறுக்கு, தட்டை, வடாம் போட்டு விற்பவர்கள் பாக்கெட்டில் ஸ்டாம்பு குத்த ஆசைப்படுவதுண்டு. தின்பண்டத்தைத் தொடும் உள்தாளில் ஒருபோதும் குத்தாதீர்கள். பேடு மை உணவுக்கானதல்ல. காகித லேபிளில் குத்திக் காயவிட்டு, கவரின் வெளியே ஒட்டுங்கள்.

துணிக்கு வேறு கணக்கு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து மஞ்சப்பையில் பெயர் குத்தித் தாம்பூலம் கொடுப்பது பலருக்கும் பிடித்துப்போயிருக்கிறது. பை துணியின் நெசவு சொரசொரப்பானது, அதில் 1.5 மி.மீ. கோடு நூலுக்குள் மறைந்துவிடும். துணிக்கான ஸ்டாம்பில் கோடு 3 மி.மீ., எழுத்து 20 மி.மீ. வேண்டும். புதுப் பையை முதலில் துவைத்துக் கஞ்சியை நீக்குங்கள், இல்லையென்றால் சாயம் கஞ்சியில் ஒட்டிக்கொண்டு முதல் துவையலில் போய்விடும். துணிக்கான அக்ரிலிக் சாயத்தைத் தட்டில் கொஞ்சம் பரப்பி, ஸ்பாஞ்சால் தொட்டு ரப்பரின்மேல் ஒற்றுங்கள். ரப்பரைச் சாயத்தில் முக்கக் கூடாது. மறுபக்கம் ஊறாமல் இருக்கப் பைக்குள் அட்டை செருகுங்கள். 24 மணி நேரம் காய்ந்தபின் பின்பக்கமாக அயர்ன் போடுங்கள். அச்சிட்டு முடித்த உடனே ஸ்டாம்பைக் கழுவிவிட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் அக்ரிலிக் சாயம் நிமிடங்களில் இறுகி, சுழிகளை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஊசியால் குத்தி எடுப்பதற்குள் சுழியே போய்விடும்.

கழுவிப் பத்திரப்படுத்துதல்

ஈரத் துணியால் ஒற்றித் துடைப்பதே பெரும்பாலும் போதும். பழைய மை அடைந்திருந்தால் சோப்புத் தண்ணீரும் டூத் பிரஷ்ஷும். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் கிட்டே வரக் கூடாது. ரப்பர் உப்பி எழுத்துகள் குழைந்துவிடும். கத்தரிப்பூக் கறை ரப்பரில் நிரந்தரமாகத் தங்கும். அது அழுக்கல்ல, அச்சைக் கெடுக்காது.

வைக்கும் இடத்தில்தான் பலரும் ஏமாறுவார்கள். நன்றாக இருக்கட்டுமென்று பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுவார்கள். பிவிசி ரப்பரிலிருந்து கசியும் அதே எண்ணெய், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் ஸ்டாம்பு டப்பாவோடு ஒட்டியிருக்கும், பிய்த்தால் எழுத்து டப்பாவில் நிற்கும். இரண்டு ஸ்டாம்பை முகத்தோடு முகம் வைத்தாலும் இதே கதிதான். பள்ளிக்கூட ஸ்கேல் மேல் ரப்பரை வைத்து மறந்துபோனவர்களுக்கு அந்தத் தடம் தெரிந்திருக்கும். ஒவ்வொரு ஸ்டாம்பையும் வெள்ளைத்தாளில் தனித்தனியாகச் சுற்றி, வெயில் படாத இடத்தில், தகர டப்பாவிலோ அட்டைப் பெட்டியிலோ எழுத்து மேல்நோக்கியிருக்கும்படி வையுங்கள். சுற்றும் தாளின்மேல் அதே ஸ்டாம்பை ஒருமுறை குத்திவிட்டால், உள்ளே இருப்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.